புதிய பிரதமரும் பழைய கோரிக்கையும்: வடசென்னைத் துறைமுகப் பகுதியின் எதிர்பார்ப்புகள்

நாடாளுமன்றத் தேர்தலில் புதிய தலைவர் ஒருவர் வெல்லும்போது எழும் எதிர்பார்ப்பு எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. டெல்லியின் கை எங்கே அதிகம் நீள்கிறதோ அங்கே எதிர்பார்ப்பும் அதிகம். சென்னையில் அப்படிப்பட்ட பகுதி ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரமும், அதற்கு மேற்கேயுள்ள மணலியும். இங்கே துறைமுகம் ஒன்றிய அரசுடையது. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். உர ஆலையும் ரயில் பாதையும் டெல்லியின் பொறுப்பு. கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்ற விதியும் அங்கேதான் எழுதப்படுகிறது. தென்சென்னைக்காரருக்குப் பிரதமர் மாறுவது பெரும்பாலும் ஓர் அரசியல் செய்தி. எண்ணூர்க்காரருக்கு அதில் வேலையும் சாலையும் காற்றும் கலந்திருக்கின்றன.

ஆனால் இந்தப் பகுதி டெல்லியில் ஒரே குரலில் பேசும்படி அமைக்கப்படவில்லை. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பின் வடசென்னை மக்களவைத் தொகுதியில் திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய துறைமுகம் சட்டமன்றத் தொகுதியோ மத்திய சென்னையில் சேர்ந்தது. காமராஜர் துறைமுகமும் (முன்பு எண்ணூர்த் துறைமுகம்) காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கும் பொன்னேரிப் பக்கம் திருவள்ளூர் தொகுதிக்குப் போய்விட்டது. ஒரே கரித்தூளையும் ஒரே லாரி வரிசையையும் சகித்துக்கொள்ளும் மக்களுக்கு மூன்று எம்.பி.க்கள். யாரிடம் கேட்பது என்ற குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

டெல்லியோடு இந்தப் பகுதிக்கு ஏற்பட்ட பிணைப்புக்கு வயது அதிகம். 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்துக்குப் பிறகு, பெரிய ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் ஒன்றிய அரசின் உரிமம் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில்தான் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டில் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965-இல் நிறுவப்பட்டு 1969-இல் உற்பத்திக்கு வந்தது. மெட்ராஸ் உர நிறுவனம் 1966-இல் தொடங்கப்பட்டு 1971-இல் உற்பத்தியை ஆரம்பித்தது. தனியார் ஆலையானாலும் பொதுத்துறையானாலும், வேலைக்கான கதவைத் திறந்தது டெல்லியின் கையெழுத்துதான் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை’ என்ற சொல்லுக்கு இந்தத் தெருக்களில் இன்றும் இருக்கும் மதிப்பு அங்கிருந்து வந்தது.

அந்த நாட்களிலும் தொகுதி எப்போதும் டெல்லியை ஆளும் கட்சிக்கே தலையாட்டியதில்லை. நேருவின் செல்வாக்கு உச்சத்திலிருந்த 1957 தேர்தலில் வடசென்னை தேர்ந்தெடுத்தது சுயேச்சையான எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளையை. இலங்கையிலிருந்து வந்த டிராட்ஸ்கியவாதி அவர். பின்னி ஆலைத் தொழிலாளர்களையும் துறைமுகத் தொழிலாளர்களையும் வழிநடத்திய தொழிற்சங்கத் தலைவர். டெல்லியிடம் கேட்க வேண்டியவை நிறைய இருந்ததால்தான், அங்கே தட்டிக் கேட்கும் ஆளாகப் பார்த்து அனுப்பினார்கள் என்று அந்த முடிவைப் புரிந்துகொள்வது பொருத்தம்.

அதன் பிறகு டெல்லியில் ஆட்சியும் தலைவரும் மாறிய தேர்தல்கள் சிலவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு வித்தியாசமான கணக்கு கிடைக்கிறது. 1977-இல் இந்திரா காந்தியை வட இந்தியா வீட்டுக்கு அனுப்பியபோது தமிழ்நாடு எதிர்த்திசையில் போய், அ.தி.மு.க.-காங்கிரஸ் அணிக்கு 39-இல் 34 இடங்களைக் கொடுத்தது. வடசென்னையோ மாநிலத்தோடு போகாமல், நெருக்கடிநிலையின்போது மிசா சட்டத்தில் சிறையிருந்த தி.மு.க.வின் ஏ.வி.பி. ஆசைத்தம்பியைத் தேர்ந்தெடுத்தது. 1984-இல் ராஜீவ் காந்தி அலையில் காங்கிரஸ்-அ.தி.மு.க. அணி 37 இடங்களை அள்ளியது. எஞ்சிய இரண்டில் ஒன்று வடசென்னை, வென்றவர் தி.மு.க.வின் என்.வி.என். சோமு. 1989-இல் வி.பி. சிங் பிரதமரானபோது வடசென்னை எம்.பி., காங்கிரஸ் சின்னத்தில் வென்ற தா. பாண்டியன். 1998-இல் வாஜ்பாய் வந்தபோது அவரை எதிர்த்து நின்ற தி.மு.க.வின் செ. குப்புசாமி. 2004-இல் அதே குப்புசாமி மன்மோகன் சிங் அரசை ஆதரிக்கும் அணியில் இருந்தார். 2014-இல் நரேந்திர மோடி வந்தபோது வடசென்னையில் வென்றவர் அ.தி.மு.க.வின் டி.ஜி. வெங்கடேஷ் பாபு. 2019-இலும் 2024-இலும் தி.மு.க.வின் கலாநிதி வீராசாமி. புதிய பிரதமருக்கு வாக்களித்துவிட்டு அவரிடம் மாற்றத்தை எதிர்பார்ப்பது பாடநூல் சொல்லும் வழக்கம். இங்கே பல முறை, வேறொருவருக்கு வாக்களித்தவர்கள் தாங்கள் தேர்ந்தெடுக்காத பிரதமரிடம் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

2014 இதில் தனிக்கவனம் பெற வேண்டிய ஆண்டு. நாட்டின் பெரும்பகுதியில் மோடி என்ற பெயரைச் சுற்றி எதிர்பார்ப்பு கட்டப்பட்டபோது, தமிழ்நாட்டில் ஜெயலலிதாவையே பிரதமராகக் காணும் கனவை அ.தி.மு.க. விதைத்தது. ‘மோடியா, இந்த லேடியா’ என்று அவர் கேட்ட கேள்விக்குத் தமிழ்நாடு 37 இடங்களைப் பதிலாகக் கொடுத்தது. ஆனால் பா.ஜ.க. தனியாகவே 282 இடங்களைப் பெற்றுவிட்டதால் அந்த 37 பேருக்கும் பேரம் பேச இடமில்லாமல் போயிற்று. மாற்றம் வேண்டும் என்று கேட்டவர்கள் கணிசமானோர். அவர்கள் கேட்ட மாற்றம் வேறு, டெல்லியில் வந்த மாற்றம் வேறு.

புதிய தலைவர்மீது உள்ள நம்பிக்கை காலப்போக்கில் தேய்வது அரசியல் ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கவனித்துவரும் ஒன்று. அமெரிக்க அதிபர்களின் செல்வாக்கைப் பற்றி ஜான் முல்லர் 1970-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் முன்னோடி. ஒவ்வொரு முடிவும் ஏதோ ஒரு சிறு பிரிவினரைப் பகைத்துக்கொள்கிறது, அந்தப் பகைகள் ஒன்றுசேர்ந்து தலைவரின் ஆதரவைக் கரைக்கின்றன என்பது அவர் கண்ட காரணங்களுள் ஒன்று. வடசென்னையின் அனுபவம் இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. இங்கே நம்பிக்கை தேய்வது முடிவுகளால் மட்டுமன்று. முடிவெடுத்த பிறகும் வேலை நடக்காமல் இருப்பதால். பேனாவால் முடியும் காரியமும் சிமெண்டால் முடிய வேண்டிய காரியமும் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன.

பேனாவின் வேகத்துக்கு 1977 சிறந்த சான்று. நெருக்கடிநிலைக் காலத்தில், 1975-இல், குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 8.33 என்பது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். அது பாதியாகும்போது ஆலைத் தொழிலாளி வீட்டில் தீபாவளித் துணியும் கடன் தவணையும் சேர்ந்தே பாதியாகும். மொரார்ஜி தேசாய் அரசு பதவியேற்ற அதே ஆண்டில் 8.33 விழுக்காடு மீண்டது. மிசா சட்டம் 1978-இல் போயிற்று. ஜனதா அரசு மூன்றாண்டு கூட நிற்கவில்லை, அதன் உட்பூசல் ஊரறிந்த கதை. ஆனாலும் தொழிற்சங்கம் இருக்கும் ஊரில், டெல்லியில் ஆள் மாறினால் கையில் காசு மாறும் என்பதற்கு அது நேரடிச் சாட்சியாக நின்றது.

சிமெண்டின் வேகத்துக்குச் சான்று சாலைகள். சென்னைத் துறைமுகம் 1983-இல் இந்தியாவிலேயே முதல் பிரத்தியேக கன்டெய்னர் முனையத்தைப் பெற்றது. திறந்துவைத்தவர் இந்திரா காந்தி. கன்டெய்னர் பெருகியது, அதைச் சுமந்து செல்லும் டிரெய்லர் வெளியேற வழி மட்டும் பெருகவில்லை. நகரத்துக்குள் பகலில் கனரக வண்டிக்குத் தடை. எனவே காசிமேட்டுப் பக்கத்து ஜீரோ கேட்டில் தொடங்கி எண்ணூர் விரைவுச்சாலை நெடுகிலும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. நெருக்கடி முற்றிய ஆண்டுகளில் வரிசை திருவொற்றியூரையும் தாண்டி நீண்டது. ஓட்டுநர்கள் நாள் கணக்கில் வண்டியிலேயே கிடந்து, சக்கரத்தருகில் ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த வரிசைக்கும் கடைக்கும் இடையில் எஞ்சிய சந்தில்தான் பள்ளிப் பிள்ளைகளும் இருசக்கர வண்டிகளும் போய்வந்தன.

இதற்குத் தீர்வாக இரண்டு திட்டங்கள் பேசப்பட்டன. முதலாவது எண்ணூர்-மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம். வாஜ்பாய் காலத்தில் உருக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், தமிழ்நாடு அரசு ஆகிய நால்வரும் பங்குதாரர்களான தனி நிறுவனத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. கடலரிப்பு, சாலையோரக் குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்துவது, நிலமெடுப்பு, ஒப்பந்தக்காரர் மாற்றம் என்று பத்தாண்டுக்கு மேல் இழுத்து, மதிப்பீடு சில மடங்காகி, மன்மோகன் சிங்கின் இரு ஆட்சிகளையும் கடந்தது.

இரண்டாவது, சென்னைத் துறைமுகம்-மதுரவாயல் உயர்மட்டச் சாலை. சுமார் 19 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலைக்கு மன்மோகன் சிங் 2009 ஜனவரி 8 அன்று அடிக்கல் நாட்டினார். தூண்கள் எழத் தொடங்கின. 2011-இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. கூவத்தின் நீரோட்டப் பாதையில் தூண் நிற்கிறது என்று காட்டி 2012-இல் ஜெயலலிதா அரசு பணியை நிறுத்தியது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நிறுத்த ஆணையை ரத்து செய்தது. வேலை அப்போதும் தொடரவில்லை. மூன்று மாதத்தில் டெல்லியில் ஆட்சி மாறியது. அதன்பின் வடிவமைப்பு மாறி, ஈரடுக்குப் பாலமாகி, 2022 மே 16 அன்று தமிழ்நாடு அரசு, நெடுஞ்சாலை ஆணையம், துறைமுகம், கடற்படை ஆகிய நான்கு தரப்பும் ஒப்பந்தம் போட்டன. மே 26 அன்று, தாம் பதவியேற்ற நாளிலிருந்து சரியாக எட்டாண்டு கழித்து, மோடி அதே சாலைக்கு அடிக்கல் நாட்டினார். முன்பு இரண்டாயிரம் கோடிக்கும் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்த வேலை இப்போது 5,800 கோடியைத் தாண்டியிருந்தது. ஒரு சாலைக்கு இரண்டு பிரதமர்களின் அடிக்கல். இடையில் கூவத்தில் மொட்டையாக நின்ற தூண்கள். ‘சாகர்மாலா’ என்ற துறைமுக வளர்ச்சித் திட்டமும் இதே ரகம்தான். 2003 சுதந்திர தின உரையில் வாஜ்பாய் அறிவித்தார். அடுத்து வந்த ஆட்சி அதைக் கிடப்பில் போட்டது. 2015-இல் மோடி அரசு அதே பெயரில் மறுபடி எடுத்தது.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-இல் ஓர் உவமை சொன்னார். சுரங்கப்பாதையில் இரண்டு வரிசையாக வண்டிகள் நெரிசலில் நிற்கின்றன. பக்கத்து வரிசை நகரத் தொடங்கினால், நிற்பவனுக்கு முதலில் மகிழ்ச்சி வரும், நமக்கும் வழி பிறக்கப்போகிறது என்று. நேரம் போயும் தன் வரிசை அசையாவிட்டால் அதே மகிழ்ச்சி ஆத்திரமாக மாறும். வடசென்னைக்காரர் எதைப் பார்த்து நம்பினார், எதைப் பார்த்து ஆத்திரப்பட்டார் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. 2000-க்குப் பிறகு தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப வழித்தடமாக மாறி வேகமாக நகர்ந்தது. ஒரே மாநகரம், ஒரே மாநில அரசு, ஒரே பிரதமர். பக்கத்து வரிசை போய்விட்டது.

வேலைவாய்ப்பில் எதிர்பார்ப்பு இன்னும் சிக்கலானது. 2001 பிப்ரவரி 1 அன்று வாஜ்பாய் எண்ணூர்த் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பெருந்துறைமுகங்களில் கம்பெனி வடிவில் அமைக்கப்பட்ட முதல் துறைமுகம் அது. மின்வாரியத்துக்கு வரும் நிலக்கரியைக் கையாள்வதே அதன் முதல் நோக்கம். ‘துறைமுகம்’ என்றதும் ராயபுரத்துக்காரரின் நினைவுக்கு வருவது ஆயிரக்கணக்கான தொழிலாளர், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, ஓய்வூதியம். எண்ணூரில் வந்தது கன்வேயர் பெல்ட். நேரடி ஊழியர் நூற்றுக்கணக்கில்கூட அதிகமில்லை; மற்றதெல்லாம் கான்ட்ராக்ட். சென்னைத் துறைமுகத்திலும் அதே 2001-இல் கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் பழைய பொறுப்புக் கழக முறையை மாற்றியது. திறப்புவிழாக்கள் குறையவில்லை, அப்பனுக்குக் கிடைத்த வேலை மகனுக்குக் கிடைப்பதுதான் நின்றது. புதிய ஆட்சி வரும்போதெல்லாம் இந்தப் பகுதித் தொழிற்சங்கங்கள் கொடுக்கும் மனுவில் ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் என்ற கோரிக்கை தவறாமல் இருப்பதற்குக் காரணம் இது.

கரித்தூள் விவகாரம் எதிர்பார்ப்பின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்தவெளியில் கையாளப்பட்ட காலத்தில் ராயபுரம், காசிமேடு வீடுகளில் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி கறுத்துத் திரும்பும்; தண்ணீர்க் குடத்தை மூடாமல் வைக்க முடியாது. எண்ணூர்த் துறைமுகம் வந்தால் இது தீரும் என்றார்கள். மின்நிலையக் கரி அங்கே போனது, மற்ற கரி இங்கேயே இருந்தது. கடைசியில் தீர்த்தது சென்னை உயர்நீதிமன்றம். 2011 மே மாதத் தீர்ப்பின்படி அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தூசி கிளப்பும் சரக்குகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து வெளியேறின. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது, கரி லாரியை நம்பியிருந்த குடும்பங்களுக்குப் பிழைப்பு போயிற்று, எண்ணூர்ப் பக்கம் சுமை கூடியது. ஒரே பகுதிக்குள் ஒருவர் கேட்ட மாற்றம் மற்றவருக்குத் தண்டனையாக முடியும் என்பதை எந்தத் தேர்தல் மேடையும் சொல்வதில்லை.

மீனவர்களின் நிலை தனி. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடலோரத்தில் மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. முதலில் மே 29 வரை 45 நாளாக இருந்தது. 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மன்மோகன் சிங் முதல்முறை பதவியேற்றது 2004 மே 22. மோடி பதவியேற்றது 2014 மே 26, 2019 மே 30, 2024 ஜூன் 9. இந்த நாட்கள் எல்லாமே தடைக்காலத்துக்குள் விழுகின்றன. பதவியேற்பு விழா தொலைக்காட்சியில் ஓடும் நேரத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அடிப்பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சின் பிரிப்பது, வலை பின்னுவது என்று செலவு மட்டுமே நடக்கும் பருவம், வரவு கிடையாது. புதிய ஆட்சியைப் பற்றிய பேச்சு இந்த மக்களிடம் முதலில் நடப்பது கையில் காசில்லாத வாரங்களில். அப்போது எழும் கேள்விகள் சுருக்கமானவை: டீசல் விலை குறையுமா, தடைக்கால நிவாரணம் கூடுமா.

இவ்விரண்டுமே இரண்டு அரசுகளுக்கு இடையில் சிக்கிய விஷயங்கள். டீசல் விலையை 2014 அக்டோபரில் ஒன்றிய அரசு சந்தை நிலவரத்துக்கு விட்டது. வரிவிலக்கு டீசல் தருவது மாநில அரசு. தடைக்காலம் கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மாநில விதி, அதற்கு அப்பால் ஒன்றிய விதி. நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி 2023-இல் அறிவித்தது மாநில அரசு. மீனவர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்ட தனி அமைச்சகம் 2019-இல் மீன்வளம், கால்நடை, பால்வளம் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைச்சகமாக வந்தது. 2021-22 ஒன்றிய பட்ஜெட்டில் நவீனப்படுத்தப்படவுள்ள ஐந்து பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் சென்னையும் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கோரிக்கை பாதி நிறைவேறுவது என்பது இப்படித்தான் இருக்கும். நிறைவேறியதாக ஒரு பக்கம் கணக்கில் எழுதிக்கொள்ளும், மறுபக்கம் மீண்டும் மனு எழுதும்.

முழுதாக நிறைவேறியதற்கும் சான்று உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9.05 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பை 2021 பிப்ரவரி 14 அன்று மோடி தொடங்கிவைத்தார். தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் மெட்ரோ வரைபடத்தில் ஏறின. அன்றைய கடைசி நிறுத்தமான விம்கோ நகரின் பெயர், மூடிப்போன ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர். அதே மேடையில் சென்னைக் கடற்கரை-அத்திப்பட்டு நான்காவது ரயில் பாதையும் தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்தது தற்செயல் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் ரயிலின் பயன் குறைந்துவிடவும் இல்லை. மெட்ரோ ஒன்றிய-மாநில அரசுகள் சமபங்காகச் சேர்ந்த நிறுவனம். இரு அரசுகளும் ஒரே கணக்கில் பணம் போட்டு, ஒரே நிர்வாகம் பொறுப்பேற்றதால்தான் வேறு கட்சிகள் ஆண்டபோதும் வேலை நிற்கவில்லை. மதுரவாயல் சாலைக்கு நேர்ந்தது இதற்கு நேரவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடந்த பத்தாண்டில் எதிர்பார்ப்பின் இடத்தை அச்சம் பிடித்துக்கொண்டு வருவது எண்ணூரில் தெளிவாகத் தெரிகிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘டான் காஞ்சிபுரம்’, ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல்படையினரும் பிளாஸ்டிக் வாளியால் அள்ளினார்கள். வல்லரசு என்ற பேச்சும் வாளியும் ஒரே வாரச் செய்தித்தாளில் அடுத்தடுத்து வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் எண்ணெய் மட்டம் கோடாகப் படிந்தது. நாரைகளும் கூழைக்கடாக்களும் கறுத்தன. வலை, படகு எல்லாம் பாழ். ஆறாண்டு கழித்தும் அள்ளியது வாளியும் குவளையும்தான். ஆலை ஒன்றிய அரசு நிறுவனத்தின் கீழுள்ளது. மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் பாதிக்கப்பட்ட மற்ற குடும்பங்களுக்கு 7,500 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது மாநில அரசு. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, தனியார் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அதன்பின் நடந்த போராட்டத்தின் கோரிக்கை ஆலையை நிரந்தரமாக மூடு என்பது. ஆலை வேண்டும் என்று டெல்லியைப் பார்த்த ஊரில் இது சிறிய மாற்றமன்று.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் இந்த அச்சத்தின் பெரிய உருவம். லார்சன் அண்ட் டூப்ரோ கட்டிய இத்துறைமுகத்தை அதானி குழுமம் 2018-இல் வாங்கியது. 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கு ஆதரவு பேசுபவர்கள் வேலையைச் சொல்கிறார்கள். பழவேற்காடு வரையுள்ள மீனவர் கிராமங்கள் கடலரிப்பையும் ஏரியையும் சொல்கின்றன. 2021 தேர்தலில் தி.மு.க. இதை எதிர்ப்பதாக வாக்குறுதி கொடுத்தது. மாநிலக் கட்சியின் வாக்குறுதி, ஒன்றிய அமைச்சகத்தின் சூழல் அனுமதி, தனியாரின் முதலீடு என்று முடிவு மூன்று கைகளில் இருக்கிறது.

1996 முதல் 2014 வரை கூட்டணி ஆட்சிக் காலத்தில் இந்தப் பகுதியின் கோரிக்கை டெல்லிக்குப் போக ஒரு வழி இருந்தது. கப்பல்-சாலைப் போக்குவரத்துத் துறை அடிக்கடி தமிழ்நாட்டவர் கையில் இருந்தது: தேவகவுடா, குஜ்ரால் அரசுகளில் டி.ஜி. வெங்கட்ராமன், 2004 முதல் டி.ஆர். பாலு, 2009 முதல் கப்பல் துறையில் ஜி.கே. வாசன். வடசென்னை எம்.பி. சோமுவே பாதுகாப்புத் துறை இணையமைச்சராக இருந்தார். பிரதமர் யாரென்பதைவிட ‘கப்பல் மந்திரி யார்’ என்பது துறைமுக கேட்டில் முக்கியக் கேள்வி. தனிப்பெரும்பான்மை ஆட்சி வந்தபின் அந்த வழி அடைபட்டது. இப்போது எஞ்சியிருப்பவை முதல்வரின் கடிதம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உயர்நீதிமன்றம், தெருப்போராட்டம். 2024 மார்ச் 14 அன்று மாநில அரசு 4,181 கோடி ரூபாயில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியதும், டெல்லியை நோக்கியிருந்த எதிர்பார்ப்பில் ஒரு பங்கு கோட்டைக்குத் திரும்பியது.

எனவே புதிய பிரதமர் வரும்போது வடசென்னை என்ன எதிர்பார்க்கிறது என்ற கேள்விக்கு ஆளைப் பார்த்துப் பதில் தேடுவது பயன்தராது. வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும். சட்டத் திருத்தத்தாலும் விலை ஆணையாலும் முடிவது ஓராண்டுக்குள் வரலாம், 1977-இல் வந்தது. நிலம், நதி, மாநில அரசு, நீதிமன்றம் ஆகியவற்றைத் தொட்டுச் செல்லும் வேலைகள் பெரும்பாலும் ஒரு பிரதமரின் காலத்துக்குள் முடிந்ததில்லை. மெட்ரோ போல ஒன்றிய அரசும் மாநில அரசும் சமபொறுப்பேற்கும் நிர்வாகம், எண்ணெய்க் கசிவைத் தடுக்கவும் அள்ளவும் எண்ணூருக்கு இதுவரை அமைக்கப்படவில்லை. அடுத்து வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், இப்பகுதி மக்கள் முதலில் எழுதி வாங்க வேண்டியது அந்த நிர்வாகத்தைத்தான்.